கப்பல் காற்றோட்டமும் வளிச்சீராக்கமும்

கப்பல் காற்றோட்டமும் வளிச்சீராக்கமும் என்பது, கப்பலின் உட்பகுதிகளுக்கு வெளிக்காற்றைச் செலுத்தி, கெட்ட காற்றை வெளியேற்றி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மனிதர் வாழவும் இயந்திரங்கள் இயங்கவும் ஏற்ற அளவில் வைத்திருக்கும் தொகுதிகளைக் குறிக்கும். கரையிலுள்ள வீட்டில் சன்னலைத் திறந்துவிட்டால் ஓரளவு காற்றோட்டம் கிடைத்துவிடும். கப்பலில் நீர்மட்டத்துக்குக் கீழே சன்னல் கிடையாது; மேலே உள்ளவையும் பெரும்பாலும் திறக்க இயலாதவை. ஆகவே எஃகுக் கூட்டுக்குள் இருப்போர் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ முழுவதும் விசிறிகளின் வழியாகவே வருகின்றது. இவ்விசிறிகள் இரவும் பகலும் ஓடுவதால் எரிபொருள் செலவாகின்றது; ஓயாத இரைச்சலும் உண்டாகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே குறைப்பது கப்பற் பொறியியலின் நெடுநாளைய சிக்கல்களுள் ஒன்றாகும்.

இரைச்சலைக் குறைக்க வேண்டுமாயின் ஆற்றலைக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கப்பல் காற்றோட்டத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியன்று. காற்றின் மிகையான விரைவே இரைச்சலுக்கும் ஆற்றல் இழப்புக்கும் பொதுவான காரணம். காற்றை மெதுவாகச் செலுத்தினால் இரண்டும் குறையும். ஆனால் மெதுவாகச் செல்லும் காற்றுக்குப் பருத்த குழாய்கள் வேண்டும்; கப்பலில் இடமே மிகவும் அரிதான பொருள். எனவே உண்மையான போட்டி அமைதிக்கும் சிக்கனத்துக்கும் இடையில் அன்று. இவ்விரண்டுக்கும் இடத்துக்கும் இடையில் ஆகும்.

வரலாறு

பாய்க்கப்பல் காலத்தில் காற்றோட்டத்துக்குப் பயன்பட்ட முதன்மையான கருவி காற்றுப்பாய் ஆகும். இது கித்தான் துணியால் தைக்கப்பட்ட நீண்ட புனல் போன்றது. இதன் வாய் காற்றடிக்கும் திசையை நோக்கிக் கட்டப்படும். வால் கீழ்த்தளங்களுக்குள் இறக்கப்படும். இதற்குச் செலவும் இல்லை, ஓசையும் இல்லை. ஆனால் காற்று வீசாத நாளில் இதனால் பயனில்லை. புயல் நாளில் தளவாயில்களை மூடவேண்டியிருப்பதால் இதைப் பயன்படுத்தவும் இயலாது. நெரிசல் மிகுந்த போர்க்கப்பல்களிலும் அடிமைக் கப்பல்களிலும் கீழ்த்தளக் காற்று மிக மோசமாக இருந்தது. நோய்கள் கெட்ட காற்றினாலேயே பரவுகின்றன என்று அக்கால மருத்துவர்கள் நம்பியதும் காற்றோட்டத்தின்மீது கவனம் திரும்பக் காரணமாயிற்று.

இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியாரும் அறிவியலாளருமான இசுட்டீபன் ஏல்சு, கையால் இயக்கப்படும் பெரிய துருத்தி ஒன்றைப் பற்றி 1741 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்துக்கு அறிவித்தார். அதனை விளக்கும் நூலை 1743 இல் வெளியிட்டார். அதே காலப்பகுதியில் சாமுவேல் சட்டன் என்பவர் வேறொரு வழியைக் கண்டார். கப்பலின் சமையல் அடுப்புக்குக் காற்று தேவை; அந்தக் காற்றை மேல்தளத்திலிருந்து எடுக்காமல், குழாய்களின் மூலம் அடித்தளத்திலிருந்து இழுத்துக்கொண்டால் அடுப்பெரியும் நேரமெல்லாம் கெட்ட காற்று வெளியேறும் என்பது அவரது கருத்து. எப்படியும் எரியப்போகும் நெருப்பைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்ளும் இம்முறை, கழிவுவெப்பத்தைப் பயன்படுத்தும் இன்றைய முறைகளுக்கு முன்னோடி எனலாம்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் விசிறிகளைப் பொறியால் சுழற்றும் வாய்ப்பு உண்டானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது யோன் எரிக்சன் வடிவமைத்த மொனிட்டர் என்னும் இரும்புக் கவசக் கப்பலில் மாலுமிகளின் இருப்பிடம் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அதன் காற்றோட்டம் நீராவியால் இயங்கும் ஊதுவிசிறிகளையே நம்பியிருந்தது. 1862 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து தெற்கே சென்றபோது அலைநீர் காற்றுக்குழாய்களின் வழியே இறங்கி விசிறிகளின் வார்ப்பட்டைகளை நனைத்தது. பட்டைகள் வழுக்கின, விசிறிகள் நின்றன, உலைகளின் புகை இயந்திர அறையில் நிரம்பி ஆட்கள் மயங்கி விழுந்தனர். கவசக் கப்பல்களுக்கிடையே நடந்த முதற்போரில் கலந்துகொள்ளும் முன்பே அக்கப்பல் காற்றில்லாமல் அழிந்திருக்கக்கூடும். கப்பலின் காற்றோட்டம் ஆடம்பரத்துக்கானது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விசிறியின் வடிவத்தில் ஏற்பட்ட முக்கியமான முன்னேற்றம் ஒன்றுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. பெல்பாசுட்டு நகரைச் சேர்ந்த சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் 1860களில் இன்றைய அசாம் மாநிலத்தின் காச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றினார். தேயிலையை உலர்த்துவதற்காக அவர் தொடங்கிய ஆய்வுகள், பல சிறிய அலகுகள் முன்னோக்கி வளைந்த மையவிலக்கு விசிறியில் சென்று முடிந்தன. இது சிரோக்கோ விசிறி எனப்பட்டது. ஒரே அளவு காற்றைத் தருவதற்கு இது பழைய துடுப்பு விசிறிகளைவிடச் சிறிய உருவமும் குறைந்த சுழல்வேகமும் கொண்டிருந்தால் போதுமானது. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் சிரோக்கோ விசிறிகளே பொருத்தப்பட்டிருந்தன.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோவின் தெர்மோடாங்க் நிறுவனம், காற்றைச் சூடாக்கியோ குளிர்வித்தோ குழாய்களின் வழியே அறைகளுக்கு அனுப்பும் தொகுதிகளைக் கப்பல்களில் நிறுவியது. அறைக்குள் காற்று வந்து விழும் இடத்தில், விரும்பிய பக்கம் திருப்பக்கூடிய பந்து வடிவ மூக்கு ஒன்றையும் அது பரப்பியது. அதன் பெயர் பங்கா லூவர். ஆங்கிலேயர் வீடுகளிலும் நீதிமன்றங்களிலும் கயிற்றால் இழுக்கப்பட்ட பங்காவின் பெயரே இப்படிக் கப்பலேறிற்று. பங்கா இழுப்பவர் போய்விட்டார். பெயர் மட்டும் இன்றும் கப்பல்களிலும் பேருந்துகளிலும் நிலைத்திருக்கின்றது.

உண்மையான வளிச்சீராக்கம், அதாவது குளிர்பதனப் பொறியைக் கொண்டு காற்றைக் குளிர்வித்து ஈரத்தை நீக்குதல், 1930களில் கப்பல்களுக்கு வந்தது. 1931 இல் பணியைத் தொடங்கிய இத்தாலியப் பயணிகள் கப்பலான விக்டோரியாவின் உணவறை இவ்வசதி பெற்ற முற்கால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 1952 இல் முதற்பயணம் மேற்கொண்ட யுனைட்டெட் ஸ்டேட்ஸ் கப்பலில் பயணிகள் பகுதிகள் முழுவதும் வளிச்சீராக்கம் செய்யப்பட்டிருந்தன. சரக்குக் கப்பல்களின் மாலுமிகளுக்கு இவ்வசதி பின்னரே படிப்படியாகக் கிட்டியது.

எவ்வளவு காற்று தேவை

கப்பலின் வாழிடங்களுக்கான கணக்கீட்டு முறையை ஐ.எஸ்.ஓ. 7547 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வகுத்துள்ளது. கோடைக்கு இது எடுத்துக்கொள்ளும் வெளிநிலை 35 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஆகும். உள்ளே இருக்கவேண்டிய நிலை 27 பாகையும் 50 விழுக்காடும் ஆகும். ஆளொருவருக்கு விநாடிக்குக் குறைந்தது 8 லிட்டர் வெளிக்காற்று தரப்படவேண்டும். மொத்தமாகச் செலுத்தப்படும் காற்றில் வெளிக்காற்று 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது.

இவ்வெண்களின் பொருளைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 35 பாகைக் காற்றை 27 பாகைக்குக் கொண்டுவருவது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கிலோகிராம் காற்றை மேற்சொன்ன வெளிநிலையிலிருந்து உள்நிலைக்கு மாற்ற ஏறத்தாழ 44 கிலோயூல் வெப்பத்தை நீக்கவேண்டும். அதில் வெப்பநிலையைக் குறைப்பதற்குச் செல்வது 8 கிலோயூல் அளவே. எஞ்சிய 36 கிலோயூல், காற்றிலுள்ள நீராவியை நீராக்குவதற்கான மறைவெப்பமாகும். அதாவது வெப்பக்கடல்களில் வெளிக்காற்றைப் பதப்படுத்தும் பொறியின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு காற்றைப் பிழிந்து உலர்த்துவதிலேயே கழிகின்றது. விநாடிக்கு ஒரு கனமீட்டர் வெளிக்காற்றை இவ்வாறு மாற்றினால் மணிக்கு 55 லிட்டருக்கும் மேலான நீர் சொட்டும். வெப்பமானியை மட்டும் பார்த்து இத்தொகுதிகளை மதிப்பிடுவது தவறான முடிவுகளைத் தரும்.

விரைவும் இரைச்சலும்

சரக்குக் கப்பலின் வாழிடம் பொதுவாக இயந்திர அறைக்கு மேலே அடுக்கடுக்காக எழும்பியிருக்கும். ஒவ்வொரு தளத்தின் உயரத்தையும் கூட்டினால் கப்பலின் உயரமும் எடையும் கூடும். ஈர்ப்பு மையம் மேலேறும். எனவே தளத்தகட்டுக்கும் உட்கூரைக்கும் இடையே விடப்படும் இடைவெளி மிகக் குறுகியது. அதே இடைவெளியில் எஃகு விட்டங்கள், மின்வடங்கள், தண்ணீர்க் குழாய்கள், தீயணைப்புக் குழாய்கள் ஆகியனவும் செல்லவேண்டும். மீதமுள்ள இடத்தில் காற்றுக்குழாயை நுழைப்பதற்காக, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர்விரைவுத் தொகுதி என்னும் முறை பரவலாயிற்று. இதில் முதன்மைக் குழாய்களில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வரையான விரைவில் ஓடும். மணிக்கணக்கில் சொன்னால் இது 72 கிலோமீட்டர் ஆகும். கடலில் இவ்விரைவில் காற்று வீசினால் அதனைப் பெருங்காற்று என்பர்.

இவ்விரைவின் விலை இரண்டு விதிகளில் அடங்கியுள்ளது. முதலாவது, குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு விரைவின் இருபடிக்கு ஏறத்தாழ விகிதசமமாகும். குழாயின் விட்டத்தை மாற்றாமல் காற்றின் அளவை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்காகும். விசிறிக்கு வேண்டிய திறன் எட்டு மடங்காகும். இரண்டாவது, வளைவுகளிலும் கிளைகளிலும் அடைப்பிதழ்களிலும் காற்று மோதிச் சுழல்வதால் பிறக்கும் ஒலியின் திறன், விரைவின் ஐந்தாம் அல்லது ஆறாம் படியை ஒட்டிக் கூடுகின்றது. விரைவு இரட்டித்தால் இரைச்சல் 15 முதல் 18 டெசிபெல் வரை உயரும். 10 டெசிபெல் உயர்வே காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு ஓசையாகத் தோன்றும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

விசிறி தானும் இரு வகையான ஒலியை எழுப்பும். ஒன்று பரந்த அதிர்வெண்களில் அமைந்த இரைச்சல். மற்றது அலகுகள் கடந்துசெல்லும் வீதத்தில் எழும் தனிச்சுரம். 8 அலகுகளைக் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1750 முறை சுழன்றால், அச்சுரம் விநாடிக்கு 233 அதிர்வுகளைக் கொண்டிருக்கும். இத்தகைய தாழ்சுரங்களைக் கனிமக் கம்பளியால் அடக்குவது கடினம். அதற்குத் தடித்த அடுக்கு வேண்டும், அதற்கு மீண்டும் இடம் வேண்டும். அத்துடன் விசிறியின் அதிர்வு அதன் அடிப்பீடத்தின் வழியாக எஃகுத் தகடுகளில் பரவி, தொலைவிலுள்ள அறைச்சுவரையும் ஒலிபெருக்கியாக்கிவிடும். இதனால் விசிறிகள் இரப்பர் தாங்கிகளின்மீது அமர்த்தப்படுகின்றன. விசிறிக்கும் குழாய்க்கும் இடையே வளையும் துணி இணைப்பு தரப்படுகின்றது. தாங்கியை முறையாக அமைத்துவிட்டு, அதன் குறுக்கே விறைப்பான வடிகால் குழாயொன்றைப் பொருத்தினால் அதிர்வு அக்குழாய் வழியே சென்றுவிடும். நடைமுறையில் இது அடிக்கடி நிகழும் தவறு.

உயர்விரைவுத் தொகுதிகளில் ஒவ்வொரு தங்கறையின் கூரையிலும் ஒலியடக்கியுடன் கூடிய பெட்டி ஒன்று இருக்கும். வேகமாக வரும் காற்றை அது அடக்கி அறைக்குள் விடும். இதனை ஒருவகையில், முதலில் செலவிட்டு உண்டாக்கிய விரைவை மீண்டும் செலவிட்டு அழிக்கும் கருவி என்றே கூறவேண்டும். ஒலியடக்கிகளும் காற்றோட்டத்துக்குத் தடையே. அத்தடையை வெல்ல விசிறி மேலும் கடினமாக உழைக்கின்றது. அதனால் மேலும் ஒலி எழுகின்றது. இச்சுழலிலிருந்து வெளியேறும் வழி, கப்பலின் வரைபடம் எழுதப்படும் தொடக்க நிலையிலேயே காற்றுக்குழாய்க்கு இடம் ஒதுக்குவதாகும். குழாயின் விட்டத்தை நான்கில் ஒரு பங்கு கூட்டினால் அதே அளவு காற்று 64 விழுக்காடு விரைவிலேயே செல்லும். நீண்ட குழாய்களுக்கு மாற்றாகத் தளந்தோறும் சிறிய காற்றுப் பதப்படுத்திகளை வைத்தல், காற்றைக் கொண்டுசெல்வதற்குப் பதில் குளிர்நீரை மெல்லிய குழாய்களில் கொண்டுசென்று அறையிலேயே காற்றைக் குளிர்வித்தல் ஆகியனவும் கையாளப்படுகின்றன. நீர் தன் கனஅளவுக்குக் காற்றைவிட 3000 மடங்குக்கும் மேலான வெப்பத்தைச் சுமக்கவல்லது. எனவே வெப்பத்தை நீரிடம் ஒப்படைத்துவிட்டு, சுவாசிப்பதற்கு வேண்டிய காற்றை மட்டும் குழாயில் அனுப்புவது மிகவும் பொருத்தமான ஏற்பாடாகும். உல்லாசக் கப்பல்களில் இது வழக்கமாகிவிட்டது.

மாலுமியின் உறக்கமும் விதிகளும்

2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகத்து 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மிதவெப்பக் கடல்களில் மட்டும் ஓடுபவை தவிர ஏனைய கப்பல்களில் மாலுமிகளின் வாழிடத்துக்கு வளிச்சீராக்கம் இருக்கவேண்டும் என்றும், தேவைப்படும் வேளைகளில் எல்லாம் அதற்கு மின்சாரம் கிடைக்கவேண்டும் என்றும் இவ்வுடன்படிக்கை கூறுகின்றது. மாலுமிக்கு எந்த 24 மணிநேரத்திலும் குறைந்தது 10 மணிநேர ஓய்வு தரப்படவேண்டும் என்ற விதியும் இதில் அடங்கும். ஓய்வு நேரம் தாளில் இருந்தாலும், உறக்கம் வருகின்றதா என்பது தங்கறையின் அமைதியைப் பொறுத்தது. விழிப்பு குறைந்த மாலுமி காவற்பணியில் நிற்பது கப்பலுக்கே கேடாக முடியலாம்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1981 இல் ஏற்றுக்கொண்ட பழைய இரைச்சல் நெறிமுறை, தங்கறைகளுக்கு 60 டெசிபெல் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. 2012 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2014 சூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட புதிய நெறிமுறை, 10,000 மொத்த டன்னளவும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களுக்கு இதனை 55 டெசிபெல் ஆக்கியது. 1,600 முதல் 10,000 வரையான கப்பல்களுக்கு 60 டெசிபெல் என்பதே தொடர்கின்றது. அளவீட்டின்போது காற்றோட்டத் தொகுதி இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் விதியாகும்.

55 டெசிபெல் என்பது தாராளமான எல்லையே. உலக சுகாதார அமைப்பு 1999 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கரையிலுள்ள படுக்கையறைகளுக்குக் கூறப்பட்ட அளவு 30 டெசிபெல் ஆகும். இடையிலுள்ள 25 டெசிபெல் வேறுபாடு, ஒலியாற்றலில் 300 மடங்குக்கும் மேற்பட்டதாகும். இயந்திரத்தின் அதிர்வு முற்றிலும் மறையாத வரையில் கப்பலறை கரையறையைப் போல் ஆகிவிட முடியாது; எனினும் துறைமுகத்தில் முதன்மை இயந்திரம் நின்றிருக்கும் போதும், இயந்திரத்துக்குத் தொலைவான அறைகளிலும், எஞ்சியிருப்பது காற்றோட்டத்தின் இரைச்சலே. இரைச்சலைப் பொறுக்கமுடியாத மாலுமி காற்றுவாயை மூடிவிடுவதோ துணியை வைத்து அடைத்துவிடுவதோ உண்டு. அப்போது அவருக்குக் காற்றும் இல்லை. அடுத்த அறைக்கு அளவுக்கு மிஞ்சிய காற்று சென்று அங்கே ஓசை கூடுகின்றது. இரைச்சல் மிகுந்த காற்றோட்டம் இறுதியில் காற்றோட்டமின்மையாகவே முடிகின்றது.

இயந்திர அறை

கப்பலின் மிகப் பெரிய விசிறிகள் இயந்திர அறைக்கு உரியவை. டீசல் இயந்திரங்களைக் கொண்ட கப்பல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 8861 சீர்தரப்படி, இங்கு செலுத்தப்படும் காற்று எரிதலுக்கு வேண்டிய காற்றையும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய காற்றையும் கூட்டிய அளவாக இருக்கவேண்டும். எப்படியாயினும் எரிதற் காற்றின் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. 10,000 கிலோவாட் திறனுள்ள ஈரடிப்பு இயந்திரம் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 23 கிலோகிராம் காற்றை உட்கொள்ளும். இது 35 பாகையில் சுமார் 20 கனமீட்டர் ஆகும். எனவே விசிறிகள் விநாடிக்கு 30 கனமீட்டருக்குக் குறையாமல் காற்றைத் தள்ளவேண்டும்.

இக்கணக்கு இயந்திரம் முழுத்திறனில் ஓடும் வெப்பமான நாளுக்கு உரியது. உண்மையில் பல கப்பல்கள் எரிபொருளைச் சேமிக்க மெதுவாகச் செல்கின்றன. குளிர்ந்த கடல்களையும் கடக்கின்றன. ஆயினும் பழைய அமைப்புகளில் விசிறிக்கு ஓடுதல், நிற்றல் என்ற இரு நிலைகள் மட்டுமே இருந்தன. சிலவற்றில் இரு வேகங்கள் இருந்தன. தேவைக்கு மிஞ்சிய காற்று உள்ளே திணிக்கப்படுவதால் இயந்திர அறையின் அழுத்தம் உயர்ந்து, கதவைத் திறப்பதற்கே வலிமை வேண்டியதாகிவிடும்.

மின்னோடியின் வேகத்தை அதிர்வெண் மாற்றத்தால் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் கருவிகள் மலிவானபின் இந்நிலை மாறியது. விசிறி தள்ளும் காற்றின் அளவு சுழல்வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்தம் அதன் இருபடிக்கும், உட்கொள்ளும் திறன் அதன் முப்படிக்கும் ஏற்ப மாறுகின்றன. வேகத்தை 80 விழுக்காடாக்கினால் திறன் ஏறத்தாழ பாதியாகின்றது. ஒலி சுமார் 5 டெசிபெல் குறைகின்றது. வேகத்தைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒன்றாகின்றது. ஒலி 15 டெசிபெல் அளவுக்கு இறங்குகின்றது. ஒரே செயலால் இரண்டு பயன்களும் கிடைக்கும் இடம் இதுவே. அறையின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து வேகத்தைத் தானாகவே சரிசெய்யும் தொகுதிகள் இன்று பழைய கப்பல்களிலும் பொருத்தப்படுகின்றன. இருப்பினும் இன்வெர்ட்டர் தானும் மின்னோடியில் மெல்லிய கீச்சொலியை எழுப்பக்கூடும். குறிப்பிட்ட சில வேகங்களில் விசிறியின் அதிர்வு எஃகுக் கட்டமைப்பின் இயல்பதிர்வோடு ஒத்திசைந்துவிடவும் கூடும். அவ்வேகங்களைத் தாண்டிச் செல்லுமாறு கருவியில் முன்கூட்டியே குறிக்கப்படும்.

வாகனங்களை ஏற்றும் கப்பல்களின் மூடிய தளங்களிலும் இதே முறை பயன்படுகின்றது. பயணிகள் கப்பல்களில் பயணிகள் சென்றுவரக்கூடிய வாகனத் தளங்களுக்கு மணிக்கு 10 முறையும், சரக்குக் கப்பல்களின் வாகனத் தளங்களுக்கு மணிக்கு 6 முறையும் காற்று மாற்றப்பட வேண்டும் என்று சோலாசு உடன்படிக்கை விதிக்கின்றது. வளிமங்களை அளந்து காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு இருந்தால் இவ்வளவைக் குறைத்துக்கொள்ள அது இடம் தருகின்றது.

இச்சேமிப்பைக் கப்பலுரிமையாளர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தாமல் இருந்ததற்கு விதிமுறையும் ஒரு காரணம் எனலாம். 2013 இல் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன் வடிவமைப்புச் சுட்டெண்ணில், பெரும்பாலான சரக்குக் கப்பல்களின் துணை மின்திறன் உண்மையில் அளக்கப்படுவதில்லை. 10,000 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரமாயின், அதன் திறனில் 2.5 விழுக்காட்டுடன் 250 கிலோவாட்டைக் கூட்டி அதுவே துணைத்திறன் என்று கொள்ளப்படுகின்றது. நல்ல விசிறியைப் பொருத்தியவருக்கும் மோசமான விசிறியைப் பொருத்தியவருக்கும் சுட்டெண் ஒன்றாகவே இருக்கும். 2023 முதல் கணக்கிடப்படும் கரிமச் செறிவுச் சுட்டியோ ஆண்டு முழுவதும் உண்மையில் எரிக்கப்பட்ட எரிபொருளை அடிப்படையாகக் கொண்டது. அதில் விசிறியின் சேமிப்பும் சேரும்.

வெப்பத்தைக் கடலில் விடுதல்

கப்பலின் வளிச்சீராக்கப் பொறி தான் திரட்டிய வெப்பத்தைக் கடல்நீரில் விடுகின்றது. காற்றில் வெப்பத்தை விடும் வீட்டுக் குளிரூட்டியைவிட இது திறன்மிக்கது. வெளியே இரைச்சலிடும் விசிறியும் தேவையில்லை. ஆனால் கடல்நீர் அரிக்கும் தன்மையுடையது. சிப்பிகளும் பாசியும் குழாய்களில் வளரும். எனவே ஒடுக்கியின் குழாய்கள் செம்பு-நிக்கல் கலவையாலோ தைட்டானியத்தாலோ செய்யப்படுகின்றன. குளிர்விப்புத் தொகுதிகள் வழக்கமாக 32 பாகைக் கடல்நீரைக் கருதி வடிவமைக்கப்படுவதால், குளிர்ந்த கடல்களில் எக்கிகள் வீணாகவே நீரைச் சுழற்றுகின்றன. மேலே விசிறிக்குக் கூறிய முப்படி விதி எக்கிக்கும் ஏறத்தாழப் பொருந்துவதால், அங்கும் இன்வெர்ட்டர் அதே பயனைத் தருகின்றது.

இயந்திரத்தின் கழிவுவெப்பத்தால் குளிரை உண்டாக்கும் உட்கவர் குளிர்பதனிகளும் உள்ளன. இவற்றில் நீர் குளிர்பொருளாகவும் இலித்தியம் புரோமைடுக் கரைசல் உட்கவர்பொருளாகவும் பயன்படுகின்றன. இயந்திரத்தின் உறையிலிருந்து வரும் 85 முதல் 90 பாகைச் சூட்டுநீரே இதனை ஓட்டப் போதுமானது. அமுக்கி இல்லாததால் இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் ஒரு பங்கு வெப்பத்தைக் கொடுத்தால் 0.7 பங்கு குளிரே கிடைக்கும், உருவமும் பெரிது, கப்பல் சாயும்போது கரைசல் தட்டுகளிலிருந்து வழிந்து கலக்காமல் காக்கவும் வேண்டும். துறைமுகத்தில் முதன்மை இயந்திரம் நின்றதும் வெப்பமும் நின்றுவிடும். இதனால் இவை பல துணை இயந்திரங்கள் இடையறாது ஓடும் பெரிய பயணிகள் கப்பல்களுக்கே பொருந்துகின்றன.

குளிர்பொருள்களைப் பொறுத்தவரை, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22 போன்றவற்றைப் புதிதாக நிறுவுவது மார்ப்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி 2020 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அவற்றுக்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதாயினும், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1400 மடங்கு புவிவெப்பமாக்கும் திறனுடையது; 2016 ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் இவ்வகையையும் படிப்படியாகக் குறைக்கக் கோருகின்றது. அமோனியா திறன்மிக்கது, ஆனால் நச்சுத்தன்மை உடையது. கரியமில வாயுவையே குளிர்பொருளாகக் கொள்ளலாம். ஆனால் அதன் மாறுநிலை வெப்பநிலை 31 பாகையாதலால், வெப்பக்கடல் நீரைக்கொண்டு அதனை நீர்மமாக்க இயலாது. வடகடலில் சிறப்பாக இயங்கும் பொறி வங்கக்கடலில் திணறுவதற்கு இதுவே காரணம்.

வெளிக்காற்றும் மீள்சுழற்சியும்

ஏற்கெனவே குளிர்ந்த உட்காற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பயன்படுத்துவது மீள்சுழற்சியாகும். ஆற்றலைச் சேமிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. 2020 பெப்ரவரியில் யப்பானின் யோக்கொகாமாத் துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிரின்செசு கப்பலில், 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட்-19 தொற்று கண்டறியப்பட்டபோது இவ்வழக்கம் கேள்விக்குள்ளானது. நோய் அறைக்கு அறை காற்றுக்குழாய் வழியே சென்றதா, பொதுவிடங்களிலும் நெருக்கத்திலும் பரவியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. எவ்வாறாயினும், பயணிகள் கப்பல் நிறுவனங்கள் பல அதன்பின் வெளிக்காற்றின் பங்கை உயர்த்தின. நுண்மையான வடிகட்டிகளையும் பொருத்தின. நுண்மையான வடிகட்டி கூடுதல் தடையாகும். தடையை வெல்ல விசிறி விரைவாக ஓடவேண்டும். தூய்மைக்கான முயற்சி இப்படி அமைதியையும் எரிபொருளையும் பாதிக்கின்றது. வடிகட்டியின் பரப்பை அகலமாக்குவதே இதற்குத் தீர்வு. அதற்கும் இடமே வேண்டும்.

வெளிக்காற்றை முழுமையாகப் பயன்படுத்தியும் ஆற்றலைக் காக்க உதவுவது வெப்பமீட்புச் சக்கரம் ஆகும். ஈரத்தை உறிஞ்சும் பூச்சுடைய தேன்கூட்டு வடிவச் சக்கரம் மெதுவாகச் சுழன்று, வெளியேறும் குளிர்ந்த காற்றிலும் உள்வரும் வெப்பக் காற்றிலும் மாறிமாறிப் படுகின்றது. வெப்பத்தையும் ஈரத்தையும் உள்வரும் காற்றிலிருந்து வாங்கி வெளியேறும் காற்றிடம் கொடுக்கின்றது. 70 விழுக்காடு மீட்கும் சக்கரமானால், முன்னர்க் கூறிய 44 கிலோயூலில் 13 அளவே பொறியின் பங்குக்கு எஞ்சும்.

போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும்

இவற்றில் அமைதி என்பது உயிர்காக்கும் மறைப்பாகும். அமெரிக்காவின் கட்டில்ஃபிஷ் 1934 இல் பணியில் சேர்ந்தது. அந்நாட்டு நீர்மூழ்கிகளுள் முதன்முதலில் வளிச்சீராக்கம் பெற்றது அதுவே. ஈரம் படிந்து மின்கருவிகள் பழுதடைவதைத் தடுத்ததே இவ்வசதியின் பெரும்பயனாக இருந்தது. ஆயினும் இரண்டாம் உலகப்போரில் எதிரிக்கப்பல் மேலே இருக்கும்போது விசிறிகளும் வளிச்சீராக்கியும் நிறுத்தப்பட்டன. மாலுமிகள் வெக்கையில் அசையாமல் காத்திருந்தனர். இன்றைய நீர்மூழ்கிகளில் ஒலியறி கருவிகளின் மின்னணுவியலுக்கே குளிர்நீர் இடையறாது தேவைப்படுவதால் அவ்வாறு நிறுத்திவைக்க இயலாது. ஆகவே குளிர்பதனப் பொறிகள் இரட்டை அடுக்கு மிதவைத் தாங்கிகளின்மீது அமர்த்தப்படுகின்றன.

துறைமுக நகரங்கள்

துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் துணை இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் தரும் ஏற்பாடு பல நாடுகளில் பரவிவருகின்றது. புகையும் புகைபோக்கியின் ஓசையும் இதனால் நின்றுவிடுகின்றன. ஆனால் சரக்குக் கிடங்குகள், வாகனத் தளங்கள், இயந்திர அறை ஆகியவற்றின் விசிறிகள் கரைமின்சாரத்திலும் ஓடுகின்றன. அவற்றின் காற்றுவாய்கள் உயரத்தில், பெரும்பாலும் நகரத்தை நோக்கித் திறந்திருப்பதால், இரவில் கரையோர மக்களைச் சென்றடைவது இவ்வோசையே. காற்றுவாயின் திசையைக் கடற்புறமாக அமைத்தல், அதன் பின்னே ஒலியடக்கிக்கு இடம் விடுதல், துறைமுகத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டுதல் ஆகியன இதற்கான வழிகள். முதலிரண்டும் கப்பல் கட்டும்போதே செய்யப்பட வேண்டியவை. மூன்றாவதை ஓடும் கப்பலிலும் செய்யலாம்.